எழுத்துக்கூட்டவா, ஒலிகூட்டவா: ஆங்கிலம் தொடங்கும் தமிழ்வழிப் பிள்ளைக்கு எந்த வழி?

கோட்டையூரில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். இப்போது வரும் 14 பிள்ளைகளும் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாதவர்கள். பள்ளி திறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், மூன்றாம் வகுப்பு முடித்த மகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். "ஆச்சி, இவளைக் காரைக்குடியில ஃபோனிக்ஸ் வகுப்புல சேக்கவா, இல்ல பழையபடி ஸ்பெல்லிங்கை மனப்பாடம் பண்ணச் சொல்லவா? நானே தமிழ்ல எழுதிக் குடுத்துச் சொல்லிக் குடுத்தா ஆகாதா?" என்று கேட்டார். எழுத்தின் ஒலிகளைக் கூட்டிப் படிக்கும் ஃபோனிக்ஸ், எழுத்துக்கூட்டி உருப்போடுவது, ஒலியைத் தமிழில் எழுதிப் படிப்பது என்று மூன்று வழிகளையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அன்று வாசலில் நின்றபடி சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதே குழப்பத்தில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று, அவர் சொல்லாமல் விட்ட நான்காம் வழியையும் சேர்த்து, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அந்தச் சிறுமியின் சொல்வதெழுதுதல் ஏட்டைப் பார்க்க வேண்டும். பத்துச் சொற்களில் ஆறு தவறு. வாட்டர், சிட்டி இரண்டிலும் நடுவில் டி என்னும் எழுத்தை இருமுறை எழுதியிருந்தாள். பேப்பர், ஓப்பன் இரண்டிலும் நடுவில் பி இரண்டு. ஸ்கூல் என்பதற்கு முன்னால் ஓர் ஐ முளைத்திருந்தது. புத்தகப் பையைக் குறிக்கும் சொல் ஜி என்னும் எழுத்தில் முடியாமல் கே என்னும் எழுத்தில் முடிந்திருந்தது. தாய் அதைக் கவனக்குறைவு என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறு பிழைகளில் ஒன்றுகூடக் கவனக்குறைவால் வந்ததன்று. ஆறும் தமிழ் எழுத்துமுறையை நன்றாகக் கற்ற ஒரு பிள்ளை செய்யும் பிழைகள்.

தமிழில் வல்லின எழுத்தின் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 'காகம்' என்னும் சொல்லில் முதற் ககரம் வன்மையாகவும் இரண்டாம் ககரம் மென்மையாகவும் ஒலிக்கிறது, எழுத்து ஒன்றே. இரண்டு உயிர்களுக்கு நடுவே வன்மையாகவே ஒலிக்க வேண்டுமானால் 'பக்கம்' என்பதுபோல் இரட்டித்து எழுதுகிறோம். இதை யாரும் நமக்கு விதியாகச் சொல்லித் தருவதில்லை. சிறு வயதிலேயே கையும் காதும் தாமாகவே பழகிக்கொள்கின்றன. எனவே தண்ணீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'வாட்டர்' என்று தமிழில் நினைக்கும் பிள்ளை, ஆங்கிலத்திலும் அந்த எழுத்தை இரட்டித்துவிடுகிறாள். ஆங்கிலத்தில் இரட்டிப்பின் வேலை வேறு. அது பெரும்பாலும் தனக்கு முன்னால் நிற்கும் உயிர் குறுகி ஒலிக்க வேண்டும் என்று காட்டுகிறது. இரவு உணவைக் குறிக்கும் 'டின்னர்' என்னும் சொல்லில் 'என்' என்னும் எழுத்து இரண்டு. உணவருந்துபவரைக் குறிக்கும் 'டைனர்' என்னும் சொல்லில் அந்த எழுத்து ஒன்றே. ஒரே அடையாளம் தமிழில் மெய்யின் வன்மையைச் சொல்கிறது, ஆங்கிலத்தில் முன்னுள்ள உயிரின் அளவைச் சொல்கிறது. (சிட்டி என்னும் சொல் இந்த ஆங்கில விதிக்கும் அடங்காமல் ஒரே டியுடன் நிற்கிறது, அத்தகைய சொற்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.)

ஸ்கூலுக்கு முன் வந்த ஐயும் அப்படித்தான். மெய்யெழுத்து தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது; வல்லின மெய் சொல்லின் இறுதியிலும் நிற்காது. தொல்காப்பியம் வகுத்துச் சொன்ன இந்த மரபுதான் நம் நாவில் 'இஸ்கூல்' என்றும் 'பேங்கு' என்றும் 'லைட்டு' என்றும் வெளிப்படுகிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: தமிழிலிருந்து வரும் இந்தப் பிழைகளை அடையாளம் காணும் கண் அந்த வழிக்கு இருக்கிறதா?

முதலில் பழைய வழி. எழுத்துகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி உருப்போடுவது. நான் படித்ததும் இப்படித்தான். எங்கள் தலைமுறையில் இந்த ஊரில் ஆங்கிலம் படித்த எல்லோரும் இப்படித்தான் படித்தோம். இதைப் பழமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது, ஏனென்றால் ஆங்கில எழுத்தின் ஒரு பகுதி ஒலிக்கு அடங்காதது, அதை உருப்போடாமல் பெற முடியாது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு சொற்களின் எழுத்து வடிவம் சிறிது சிறிதாக உறையத் தொடங்கியது. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை அம்மொழியின் நெட்டுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. பெயர் என்னும் பொருளில் இன்று 'நேம்' என்று சொல்லப்படுவது ஒரு காலத்தில் ஏறக்குறைய 'நாம' என்று ஒலித்த சொல். அதன் இறுதியில் இன்று ஊமையாக நிற்கும் ஈ அன்று ஒலித்தது. நம் 'நாமம்' நினைவுக்கு வருவதால் பிள்ளைகள் இதைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்கிறார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லின் நடுவே ஒலிக்காமல் நிற்கும் பி, இலத்தீன் மூலத்தை எழுத்தில் காட்ட விரும்பிய அறிஞர்கள் பின்னாளில் செருகியது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய் வட்டிக்கடை வைத்த குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில், ஒலிக்காத எழுத்து என்றால் என்னவென்று காட்ட நான் முதலில் எடுப்பது இந்தச் சொல்லைத்தான்.

இத்தகைய சொற்களுக்கு மனப்பாடமே மருந்து. ஆனால் எல்லாச் சொற்களையும் இப்படியே படிப்பதில் ஒரு பெருங்குறை இருக்கிறது. எழுத்தின் பெயர் எழுத்தின் ஒலியன்று. சி, ஏ, டி என்று மூன்று பெயர்களை வேகமாகச் சேர்த்துச் சொன்னால் 'சியேட்டி' வருமே தவிர, பூனையைக் குறிக்கும் 'கேட்' வராது. டபிள்யூ என்னும் பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே இல்லை. ஆகவே ஆயிரம் சொற்களை உருப்போட்ட பிள்ளையும் ஆயிரத்தோராவது சொல்லைப் புதிதாகக் காணும்போது வாய் திறப்பதில்லை. இன்னொரு குறை, இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கே இடராக இருப்பது. ஆங்கிலத்தின் 2ஆம் எழுத்தின் பெயரையும் 16ஆம் எழுத்தின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'தான். 4ஆம் எழுத்தும் 20ஆம் எழுத்தும் 'டி'தான். டெட் என்னும் சொல்லில் செருகப்பட்டது 2ஆம் எழுத்து. பேப்பரில் வருவது 16ஆம் எழுத்து. மேலே நான் இரண்டையும் பி என்றே எழுதிவந்தேன். நகரத்துப் பிள்ளை காதால் பிரித்துக்கொள்ளும் இந்த வேறுபாட்டை, ஆங்கிலம் கேட்டுப் பழகாத பிள்ளை எங்கிருந்து பெறும்?

தாய் சொன்ன மூன்றாம் வழி, தமிழில் எழுதிக் கொடுத்துப் படிப்பது, இங்கேதான் முறிந்துபோகிறது. அவர் தம் கையெழுத்தில் மகளின் பாடநூல் முழுவதும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலையிலும் பென்சிலால் தமிழில் எழுதிவைத்திருந்தார். எவ்வளவு பாடு பட்டிருக்கிறார் என்பது அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே தெரிந்தது. நான்கு வெவ்வேறு பக்கங்களில் நான்கு வெவ்வேறு சொற்களின் மேல் 'பேக்' என்று இருந்தது. ஒன்று பை, ஒன்று முதுகு, ஒன்று பொட்டலம் கட்டுதல், ஒன்று ரொட்டி சுடுதல். ஆங்கிலத்தில் இவை நான்கும் வெவ்வேறு ஒலிகள். முதலெழுத்தின் வன்மை மென்மையாலும், கடைசி எழுத்தின் வன்மை மென்மையாலும், நடுவில் நிற்கும் உயிராலும் அவை பிரிகின்றன. பையிலும் முதுகிலும் வரும் உயிர் நம் ஏகாரமும் அன்று, அகரமும் அன்று. வாயை ஏகாரத்துக்குத் திறப்பதைவிட அகலத் திறந்து சொல்ல வேண்டிய ஒன்று. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. இந்தப் பென்சில் எழுத்தைப் படிக்கும் சிறுமி நான்கு சொற்களை ஒன்றாகக் கற்கிறாள், பிறகு எழுதும்போது நான்கில் எது வேண்டுமானாலும் வருகிறது. வகரத்துக்கும் இதே கதி: 22ஆம் எழுத்தும் 23ஆம் எழுத்தும் தமிழில் ஒரே வகரமாகிவிடுவதால், திராட்சைக் கொடியும் திராட்சை மதுவும் 'வைன்' என்ற ஒரே சொல்லாகின்றன.

இதை எழுதும்போது எங்கள் ஐயா இரங்கூனிலிருந்து அனுப்பிய கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன. பெட்டகத்தில் இன்றும் இருக்கின்றன. பேங்கு, செக்கு, கோர்ட்டு, நோட்டு என்று எல்லாம் தமிழ் எழுத்தில், நம் குற்றியலுகரத்துடன் எழுதப்பட்டிருக்கும். அதில் பிழை ஏதும் இல்லை, ஏனென்றால் அவை தமிழ் வாக்கியத்துக்குள் தமிழாகிவிட்ட சொற்கள். ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே படிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஏணி பொருந்தாது. ஏணியாக மட்டும் வைத்துக்கொண்டு பிறகு எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்திலேயே 1960களில் ஜேம்ஸ் பிட்மன் அப்படி ஒரு முயற்சி செய்தார். ஒலிக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் 40க்கும் மேற்பட்ட எழுத்துகளை வகுத்து, பிள்ளைகள் முதலில் அவற்றில் படித்துவிட்டுப் பின்னர் வழக்கமான எழுத்துக்கு மாறட்டும் என்றார். அதில் விரைவாகப் படித்த பிள்ளைகள் பலர், மாற வேண்டிய நேரத்தில் தடுமாறினார்கள், அம்முறை நிலைக்கவில்லை. ஆகவே தாய்மார்களுக்கு நான் சொல்வது: சொல்லின் பொருளைத் தமிழில் எழுதுங்கள், அது மிக நல்லது. ஒலியைத் தமிழில் எழுத வேண்டாம்.

இனி ஃபோனிக்ஸ். எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைக் கற்று, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்குவது இந்த முறை. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26; இங்கிலாந்தின் தரப்படுத்தப்பட்ட உச்சரிப்பில் ஒலிகள் ஏறத்தாழ 44. எந்த எழுத்தும் எழுத்துக்கூட்டமும் எந்த ஒலியைத் தரும் என்பதை ஒழுங்காகக் கற்பித்தால் பிள்ளை புதுச்சொல்லைத் தானே படிக்கும். அமெரிக்காவில் 2000இல் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும், இங்கிலாந்தில் 2006இல் வெளிவந்த ரோஸ் அறிக்கையும் இதன் பக்கம் நின்றன. 2012 முதல் இங்கிலாந்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் 40 சொற்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்துகிறார்கள். அவற்றில் 20 பொருளற்ற பொய்ச்சொற்கள். மனப்பாடத்தால் அல்லாமல் ஒலிகூட்டியே படிக்கிறார்களா என்று பார்க்கவே அவற்றை வைக்கிறார்கள்.

அந்தச் சோதனையைப் பற்றி முதலில் படித்தபோது, இந்த முறையின் வலிமையும் நமக்கு அது போதாமல் போவதற்கான காரணமும் ஒருங்கே எனக்குப் புரிந்தன. இங்கிலாந்துப் பிள்ளை 'ஷிப்' என்று ஒலிகூட்டி முடித்தவுடன், காதில் ஏற்கெனவே இருக்கும் கப்பல் கண்முன் வருகிறது. சரியாகக் கூட்டினோம் என்பது அதற்கே தெரிந்துவிடுகிறது. புதுவயலிலோ கண்டனூரிலோ தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த 40 சொற்களில் பெரும்பாலானவை பொய்ச்சொற்களாகவே இருக்கும். கூட்டுவாள், என்ன கூட்டினோம் என்று தெரியாது. ஆகவே சொல்லைக் காதுக்கு முதலில் தராமல் ஒலிகூட்டலை மட்டும் தரும் வகுப்பு, எவ்வளவு வண்ண அட்டைகள் வைத்திருந்தாலும், பாதி வேலையைத்தான் செய்கிறது.

கற்பிப்பவரின் வாயும் முக்கியம். என் திண்ணைக்கு வருமுன் வேறோர் இடத்தில் ஓராண்டு கட்டணம் கட்டி ஃபோனிக்ஸ் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன், மெய்யொலிகள் எல்லாவற்றையும் அகரம் சேர்த்தே சொன்னான்: க, அ, ட. அவற்றைக் கூட்டினால் அவனுக்கு 'கஅட' வந்தது, பூனை வரவில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதில் எனக்குள்ள வருத்தம் என்னவென்றால், உலகில் பல பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு கருவி நம் பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே இருக்கிறது. அதுதான் புள்ளி. க் என்பது உயிரில்லாத மெய், க்கும் ஆவும் சேர்ந்தால் கா என்று அவர்கள் நூறு முறை எழுதியிருக்கிறார்கள். இக், இங், இச் என்று மெய்களை ஒப்புவிக்கிறார்கள். ஒலிகூட்டல் என்பது உயிர்மெய் உண்டாக்கும் அதே வேலை. அந்தப் பையனிடம் 11ஆம் எழுத்தைக் காட்டி, 'இக் சொல்லு, இயை விட்டுவிடு' என்றேன். பிற்பகலுக்குள் மூன்றெழுத்துச் சொற்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டான்.

இடத்தைப் பொறுத்து ஒலி மாறுவதும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதன்று என்பதை முன்பே சொன்னேன். சைக்கிள் என்னும் சொல் இதற்கு அருமையான பாடம். அதில் சி என்னும் எழுத்து இரண்டு முறை வருகிறது. முதல் சி, ஒய்க்கு முன் நிற்பதால் ஸகரமாக ஒலிக்கிறது. இரண்டாம் சி, எல்லுக்கு முன் நிற்பதால் ககரமாக ஒலிக்கிறது. ஈ, ஐ, ஒய் ஆகிய மூன்றுக்கும் முன்னால் மட்டும் அது ஸகரம் என்று சொல்லிவிட்டு, காகத்தின் இரண்டு ககரங்களை நினைவூட்டினால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். தமிழ் அறிந்த ஆசிரியர் நடத்தும் ஃபோனிக்ஸும் அதை அறியாத பயிற்சி ஏடு நடத்தும் ஃபோனிக்ஸும் பெயரில்தான் ஒன்று.

வன்மை மென்மைக்கு நான் ஒரு காகிதத் துண்டு வைத்திருக்கிறேன். விரல் அகலத்துக்குக் கிழித்த தாளை உதட்டுக்கு முன் பிடித்து 16ஆம் எழுத்தில் தொடங்கும் சொல்லை ஆங்கில முறையில் சொன்னால் தாள் படபடக்க வேண்டும். 2ஆம் எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு அது அசையக் கூடாது. நம் பகரம் மூச்சை இவ்வளவு வெளியே தள்ளுவதில்லை. அதனால்தான் நாம் சரியாகச் சொன்னதாக நினைக்கும் 16ஆம் எழுத்தை ஆங்கிலேயர் காது சில நேரம் 2ஆம் எழுத்தாகக் கேட்டுவிடுகிறது. அந்தச் சிறுமி முதல் நாள் பத்து முறை ஊதிப் பார்த்தாள். தாள் அசைந்தபோது அவள் முகத்தில் வந்த ஒளியை எந்த மதிப்பெண்ணும் தராது.

நான்காம் வழி, காதை முதலில் பழக்குவது. செலவு மிகக் குறைவு. ஒரு கைபேசியும், சொல்லை ஒலித்துக் காட்டும் அகராதியும் போதும். குழந்தைக்கு நாளும் பத்துச் சொற்களைப் பொருளோடு கேட்கவைத்து, திரும்பச் சொல்லவைத்து, பிறகே எழுத்தைக் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கோ இதுவே முதன்மையான வழி. கானாடுகாத்தானில் பழைய வீடொன்றில் நடக்கும் விடுதியில் வேலை செய்யும் பெண் ஒருவர் ஞாயிறுதோறும் என்னிடம் வருகிறார். அவருக்கு எழுத்துப்பிழை ஒரு பொருட்டன்று. விருந்தினருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். அவருடைய இடர் தனி ஒலிகளில் இல்லை, அழுத்தத்தில் இருந்தது. தமிழில் ஒவ்வோர் அசையையும் ஏறக்குறைய அதனதன் அளவு குறையாமல் ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஓரசை ஓங்கி, மற்றவை தேய்ந்து, ஒரு மெல்லிய உயிராகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஓரெழுத்துகூட இல்லை. காய்கறிக்கான சொல்லை அவர் 'வெஜிடேபிள்' என்று நான்கு அசையாக, எல்லாவற்றையும் அழுத்திச் சொல்லிவந்தார். முதலசையை மட்டும் ஓங்கி 'வெஜ்டபிள்' என்று மூன்றாகச் சொல்லிப் பழகியதும், விருந்தினர் 'என்ன?' என்று கேட்பது குறைந்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய குறிப்பேட்டில் மட்டும் ஒலியைத் தமிழில் எழுதிக்கொள்ள நான் தடை சொல்லவில்லை. ஓங்கும் அசைக்குக் கீழே கோடிட்டுக்கொள்ளச் சொன்னேன். கேட்ட ஒலியை நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும், அவர் எழுத்துத் தேர்வு எழுதப் போவதில்லை. ரகரத்தை எங்கும் விடாமல் ஒலிக்கும் நம் பழக்கத்தையும் மாற்ற வேண்டாம் என்றேன். அமெரிக்கரும் அதை ஒலிக்கிறார்கள். பிரான்சிலிருந்து வரும் விருந்தினருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். எழுத்தில் உள்ளதை ஒலிப்பது அவர்களுக்கும் எளிது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும் பிள்ளையின் நிலை வேறு. அங்கே ஒலியிலிருந்து தொடங்க நேரமில்லை. பாடநூலில் வரும் சொற்களை எழுத்துக்கூட்டி உருப்போடுவதே தக்கது. அகர வரிசையில் உருப்போடாமல், ஒரே எழுத்துக்கூட்டம் வரும் சொற்களை ஒன்றாகக் கட்டி உருப்போட்டால் பாதி உழைப்பு மிச்சமாகும்.

அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான். மகளுக்கு எட்டு வயது. காது இன்னும் இளகியிருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆங்கிலமும் உண்டு என்பதால், பள்ளியில் கொடுத்த பயிற்சி நூலை முதலில் புரட்டிப் பாருங்கள். கட்டணம் கட்டிக் கற்க நினைத்ததில் ஒரு பகுதி அதிலேயே இருக்கலாம். அதன் பிறகும் காரைக்குடி வகுப்பில் சேர்க்க விரும்பினால், ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து இரண்டைக் கவனியுங்கள்: மெய்யைப் புள்ளியோடு சொல்கிறார்களா, சொல்லின் பொருளைச் சொல்லிவிட்டுக் கூட்டச் சொல்கிறார்களா? இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு, மாலையில் அரைமணி நேரம் கைபேசியில் சொற்களை மகளோடு சேர்ந்து கேளுங்கள்; ஒலிகூட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன். பாடநூலில் பென்சிலால் எழுதிய தமிழ் ஒலிகளை அழித்துவிட்டு, அதே இடத்தில் பொருளை எழுதுங்கள். உருப்போட வேண்டிய சொற்களை வாரத்துக்கு ஐந்தாக நானே குறித்துத் தருவேன். முதல் வாரத்துப் பட்டியலில் புதன்கிழமை இருக்கிறது. சொல்லும்போது 'வென்ஸ்டே', எழுதும்போது மட்டும் மனத்துக்குள் 'வெட், நெஸ், டே'.